இருமல் சிரப் குடித்தால் நடுக்குவாதம் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் 'நடுக்குவாதத்தைக் குணமாக்கும் இருமல் மருந்து' என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்தது. எட்டுப் பத்து வரிதான். மருந்தின் பெயர் அம்ப்ராக்சால், லண்டனில் ஆராய்ச்சி நடக்கிறது, மூளையில் இருக்கும் ஒரு என்சைமை, அதாவது நொதியை, அது தூண்டுகிறது. விவரம் அவ்வளவே. நான் கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன். செய்தி வந்த அன்றைக்கே அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தன் மனைவிக்கு ஆறு பாட்டில் கேட்டார். "யார் எழுதிக் கொடுத்தது சார்?" என்றால், "பேப்பர்லயே போட்டிருக்கானே" என்கிறார். துபாயில் இருக்கும் மகன் செய்தியைப் படம் பிடித்து அனுப்பி, அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கச் சொன்னதாக ஓர் அம்மா வந்தார். கொடுக்க மாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டு போனார். எங்கள் தெருவிலேயே இன்னும் நான்கு கடைகள் இருக்கின்றன. அங்கே என்ன நடந்ததோ தெரியாது.

அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம் ஊரில் சளி இருமலுக்குக் கொடுக்கும் சிரப்களில் அம்ப்ராக்சால் தனியாக வருவது குறைவு. பெரும்பாலும் கூட்டு மருந்துதான். வழக்கமான ஒரு சேர்க்கையில் 5 மில்லிக்கு அம்ப்ராக்சால் 15 மில்லிகிராம், டெர்பியூட்டலின் 1.25 மில்லிகிராம், குவாய்ஃபெனசின் 50 மில்லிகிராம் இருக்கும். லண்டன் ஆராய்ச்சியில் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 1,260 மில்லிகிராம் அம்ப்ராக்சால். சளிக்கு நாம் கொடுப்பது பெரியவர்களுக்கே 60 முதல் 120 மில்லிகிராம் வரைதான். இந்த சிரப்பை வைத்துக்கொண்டு 1,260-ஐ எட்ட வேண்டுமானால் நாளொன்றுக்கு 420 மில்லி குடிக்க வேண்டும். நூறு மில்லி பாட்டில் நான்கு போதாது. அதோடு 105 மில்லிகிராம் டெர்பியூட்டலினும் உள்ளே போகும். அந்த மருந்துக்குப் பெரியவர்களுக்கான உச்ச அளவு நாளுக்கு 15 மில்லிகிராம். மூச்சுக்குழலை விரிக்கும் இந்த மருந்தின் முதல் பக்கவிளைவே கைநடுக்கம். அடுத்தது படபடப்பு. நடுக்கத்துக்கு மருந்து என்று நம்பி, நடுக்கம் தரும் மருந்தை ஏழு மடங்கு குடிக்கச் சொல்லும் செய்தியாகிவிட்டது உங்கள் பெட்டிச் செய்தி. நீங்கள் அப்படி எழுதவில்லை, சரி. ஆனால் படித்தவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டு வருகிறார்கள்.

வறட்டு இருமல் சிரப் இன்னும் மோசம். வாங்க வருகிறவர்களுக்கு எது சளி சிரப், எது வறட்டு இருமல் சிரப் என்று வித்தியாசம் தெரியாது. இரண்டாவதில் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கும். நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களில் பலர் ராசாஜிலின் அல்லது செலிஜிலின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். இந்த மாத்திரைகளோடு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் சேரவே கூடாது. மனக்குழப்பம், கடும் காய்ச்சல், ரத்த அழுத்த ஏற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பல சிரப்களில் குளோர்ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் சேர்ந்திருக்கும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அது மூத்திரத்தை அடைக்கும், மலச்சிக்கலைக் கூட்டும், ஆளை மந்தமாக்கிவிடும். பார்க்கின்சன் நோயாளிக்கு மலச்சிக்கல் ஏற்கெனவே பெரும் தொல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, செய்தி முழுப்பொய் என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் சிக்கல். அம்ப்ராக்சாலுக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு உண்மையானது, மிகவும் சுவாரசியமானது. என் குடும்பத்துக்குள்ளேயே அது ஓடுகிறது. உங்கள் நிருபர் எட்டு வரியில் கடந்துபோன அந்த என்சைமைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஆடாதோடை எல்லோருக்கும் தெரியும். 'ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்பார்கள். அந்த இலையில் இருக்கும் வாசிசின் என்ற சத்தை மாதிரியாக வைத்து 1960-களில் ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறும் வடிவங்களில் ஒன்றுதான் அம்ப்ராக்சால். ஆக, வேலியோரத்துச் செடியின் கொள்ளுப்பேரன் இந்த மருந்து. உடனே ஆடாதோடைக் கஷாயம் போட ஆரம்பித்துவிடாதீர்கள். கஷாயத்தில் இருப்பது வாசிசின், அம்ப்ராக்சால் இல்லை. மூளை என்சைமுக்கும் அந்தக் கஷாயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

என்சைமின் பெயர் குளுக்கோசெரிப்ரோசிடேஸ். ஒருவகைக் கொழுப்பை வெட்டுவது அதன் வேலை. அது இருக்கும் இடம் லைசோசோம். லைசோசோமை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் குட்டி வயிறு என்று வைத்துக்கொள்ளலாம். பழசாகிப்போன புரதம், கொழுப்பு, சர்க்கரைச் சங்கிலி எல்லாம் அங்கே போய்ச் செரித்து, மறுபடி பயன்படும் துண்டுகளாக வெளியே வருகின்றன. உள்ளே நல்ல புளிப்பு. செல்லின் மற்ற இடங்களில் பி.எச். (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 7.2 என்றால் லைசோசோமுக்குள் 4.5 முதல் 5. ஏறக்குறைய 60 வகைச் செரிக்கும் என்சைம்கள் அந்தப் புளிப்பில்தான் வேலை செய்யும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பிட்ட பொருளின் ஒரு குறிப்பிட்ட கண்ணியை வெட்டும் வேலை மட்டும்தான். ஒன்று இல்லையென்றால் மற்றவை அதன் வேலையைச் செய்யாது. வெட்டப்படாத பொருள் அங்கேயே தேங்கும்.

லைசோசோமைக் கண்டுபிடித்த விதமே வேடிக்கை. பெல்ஜியத்தில் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் டி டூவ் இன்சுலினைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். 1949-ல் எலியின் கல்லீரலை அரைத்து, அதில் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் தெரிந்தது. அரைத்த கலவையை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஐந்து நாள் கழித்து எடுத்து அளந்தால் முழு அளவும் வந்துவிட்டது. அதுவரை என்சைம் ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்து, பை நைந்ததும் வெளியே வந்திருக்கிறது என்று டி டூவ் ஊகித்தார். அந்தப் பைக்கு 1955-ல் லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1974-ல் நோபல் பரிசு. 1963-ல் அதே லூவேனில் ஹென்றி ஹேர்ஸ் என்பவர், குழந்தைகளின் இதயத்தையும் தசையையும் தாக்கும் போம்பே (Pompe) என்ற நோய்க்கு ஒரே ஒரு லைசோசோம் என்சைம் இல்லாததுதான் காரணம் என்று காட்டினார். அதற்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாக இப்படிப்பட்ட நோய்கள் வெளிச்சத்துக்கு வந்தன. இப்போது ஐம்பதுக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை மூளையையும் தாக்குகின்றன.

மூளையை ஏன்? மற்ற பல செல்கள் பிரிந்து பிரிந்து புதிதாகும்போது தேங்கிய குப்பையும் பங்காகிக் குறைந்துவிடும். நரம்பு செல் பிரிவதில்லை. நாம் பிறக்கும்போது இருந்ததுதான் எண்பது வயதிலும் இருக்க வேண்டும். அத்தனை வருடக் கழிவையும் அது தனக்குள்ளேயே செரித்தாக வேண்டும். செரிமானம் கொஞ்சம் குறைந்தாலும் கணக்கு சேர்ந்துகொண்டே போகும்.

இனி என் வீட்டுக் கதை. என் அக்காவை எங்கள் தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். அக்கா மகளை எங்கள் பெரிய அண்ணன் மகனுக்குக் கொடுத்தோம். சொந்தம் விட்டுப் போகக் கூடாது, நிலம் கைமாறக் கூடாது, பெண் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும் என்று நம் பக்கத்து வீடுகளில் சொல்லும் அதே காரணங்கள்தான். அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு இரண்டு வயதில் வயிறு உப்ப ஆரம்பித்தது. மாந்தம் என்று வசம்பு உரசிக் கொடுத்தார்கள். பூச்சி மருந்து, இரும்புச்சத்து டானிக் எல்லாம் என் கடையிலிருந்தேதான் போயிற்று. அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தது. ஒரு மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று பயமுறுத்தினார்கள். இன்னொன்றில் மண்ணீரலை எடுத்துவிடலாம் என்றார்கள். கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜையைச் சோதித்த இளம் மருத்துவர், இது வேறு மாதிரி செல்லாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, என்சைம் சோதனைக்கு ரத்தம் அனுப்பினார். கோஷே நோய் என்று பதில் வந்தது. குளுக்கோசெரிப்ரோசிடேஸ் இருக்க வேண்டிய அளவில் மிகச் சிறு பங்குதான் இருந்தது. பாரிஸில் மருத்துவ மாணவராக இருந்தபோது பிலிப் கோஷே 1882-ல் முதன்முதலில் விவரித்த நோய் இது. காரணம் இந்த என்சைம்தான் என்று 1965-ல் அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடி காட்டினார்.

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. குறைவான அந்த என்சைமையே வெளியிலிருந்து செலுத்துவதுதான் சிகிச்சை. முதலில் பிரசவத்துக்குப் பின் வெளிவரும் நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கு ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடி வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1991-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. 1994-லிருந்து செல் வளர்ப்பில் தயாராகிறது. 400 யூனிட் குப்பியில் பொடியாக வரும். இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கிலோவுக்கு 60 யூனிட் என்றால் 15 கிலோ குழந்தைக்கு 900 யூனிட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுவதும். எங்கள் குழந்தைக்கு ஓர் உதவித் திட்டத்தில் மருந்து கிடைத்தது. ஒரு வருடத்துக்குள் வயிறு வற்றியது, மூக்கில் ரத்தம் நின்றது, எடை கூடியது. ஐஸ் பெட்டியும் ஜெல் பையுமாக அந்தக் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். முப்பது வருடம் மருந்து விற்றதில் ஒரு மருந்து இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் கண் மாறவில்லை. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் குழந்தை கண்ணைத் திருப்பாது, தலையையே வெட்டித் திருப்பும். இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வர, தலை இடப்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளும். வகுப்பில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தின் கீழே பெயர் போடவில்லை. கோஷே நோயில் மூன்றாம் வகை இது, நரம்பையும் தொடும் வகை. இந்தியாவில் கோஷே நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் மரபணுப் பிழை எல்444பி என்பது. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்தப் பிழை இரண்டு பிரதியிலும் இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான் வருகிறது. ஸ்வீடனின் வடக்கே நோர்பாட்டன் என்ற பகுதியில் இதே பிழை, இதே வகை நோய் பல குடும்பங்களில் உண்டு.

ரத்தத்தில் ஏற்றும் என்சைம் ஏன் மூளைக்குப் போகவில்லை? ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு அவ்வளவு பெரிய மூலக்கூறை விடாது. கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் எலும்புக்கும் போகும் மருந்து மூளையின் வாசலில் நின்றுவிடுகிறது. இந்தத் துறையில் உலகம் முழுக்க நடக்கும் போராட்டத்தில் பாதி இந்தத் தடுப்போடுதான். சிஎல்என்2 என்று ஒரு குழந்தைநோய் உண்டு. மூன்று வயது வாக்கில் வலிப்பும் பேச்சுக் குறைவுமாக ஆரம்பிக்கும், பின் நடை போகும், பார்வை போகும். அதற்கான என்சைமை மூளைக்குள் இருக்கும் நீர் அறைக்கே நேராகச் செலுத்துகிறார்கள். தலைத்தோலுக்கு அடியில் சிறு கருவி பொருத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் முழுக்க நிற்கவில்லை, ஆனால் நடையும் பேச்சும் குறையும் வேகம் வெகுவாகக் குறைந்தது. ஹன்ட்டர் என்ற இன்னொரு லைசோசோம் நோய்க்கு ஜப்பானில் வேறு வழி பிடித்தார்கள். மூளைக்கு இரும்புச்சத்தைக் கொண்டுபோகும் ஏற்பியோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தில் என்சைமைக் கோத்துவிட்டார்கள். சாதாரண டிரிப்பில் ஏற்றினாலே தடுப்பைத் தாண்டுகிறது. 2021-ல் அங்கே அனுமதித்தார்கள். கோஷே மூன்றாம் வகைக்கு இப்படி ஒன்றும் இன்னும் கடைக்கு வரவில்லை.

இனிதான் நடுக்குவாதம் வருகிறது. குழந்தையின் மரபணுச் சோதனை முடிவோடு போனபோது மரபியல் மருத்துவர் ஒரு தாளில் எங்கள் வம்ச மரத்தை வரைந்தார். வரைந்துகொண்டே, "வீட்டில் வயதானவர்கள் யாருக்காவது கை நடுங்குமா? நடை மெதுவாகியிருக்கிறதா?" என்று கேட்டார். எங்களுக்கு ஆச்சரியம். மாமாவுக்கு, அதாவது குழந்தையின் தாத்தாவுக்கு, அறுபது வயதிலிருந்தே பார்க்கின்சன். வேறோர் ஊரில் நரம்பியல் மருத்துவரிடம் பல வருடமாகக் காட்டுகிறோம். பேத்தியின் நோயைப் பற்றி அங்கே யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. குழந்தைக்கு வயிற்று நோய், தாத்தாவுக்கு நடுக்கம், இரண்டுக்கும் என்ன ஒட்டு? ஒட்டு ஒரே மரபணு, அந்த என்சைமைச் செய்யும் ஜிபிஏ1. இரண்டு பிரதியும் பழுதானால் கோஷே. ஒரு பிரதி மட்டும் பழுதானால் கோஷே வராது, ஆனால் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு கூடும்.

இதை முதலில் கவனித்ததே கோஷே நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள்தான், அந்த நோயாளிகளில் சிலரையும் அவர்களின் உறவினர்களையும் பார்த்து. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் எல்லன் சிட்ரான்ஸ்கி பல நாடுகளைச் சேர்ந்த 16 மையங்களின் தரவுகளைச் சேர்த்து, 5,691 பார்க்கின்சன் நோயாளிகளையும் நோயில்லாத 4,898 பேரையும் ஒப்பிட்டு 2009-ல் வெளியிட்டார். நோயாளிகளிடம் இந்த மரபணுப் பிழை இருக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல். காரணமும் ஓரளவு புரிந்திருக்கிறது. பார்க்கின்சன் மூளையில் ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் திரண்டு கட்டியாகும். என்சைம் குறைந்தால் தேங்கும் கொழுப்பு அந்தப் புரதத்தைத் திரளவைக்கிறது. திரண்ட புரதம், புதிதாகச் செய்யப்படும் என்சைம் லைசோசோமுக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. ஒன்று மற்றொன்றைக் கெடுத்துக்கொண்டே போகும் இந்தச் சுழலை 2011-ல் செல்களில் காட்டினார்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு பிரதி பழுதானவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதே இல்லை. பார்க்கின்சன் உள்ளவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இந்த மரபணுப் பிழை இருக்கிறது. எனக்கும் ஒரு பிரதி பழுது, சோதித்துப் பார்த்துவிட்டேன். வயது அறுபத்து மூன்று. தூக்கம் கெடவில்லை, கடையில் மாத்திரை எண்ணும் கையும் நடுங்கவில்லை. தெரிந்துகொண்டதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சரி, அம்ப்ராக்சால் எங்கே வந்தது? 2009-ல் டொராண்டோவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை ஒவ்வொன்றாக இந்த என்சைமோடு சேர்த்துப் பார்த்தார்கள். சளி மருந்து ஒன்று மேலே வந்தது. பழுதான மரபணு செய்யும் என்சைம் சரியாக மடியாமல் கோணலாகிவிடுகிறது. கோணலானதைச் செல் தானே அழித்துவிடும். அம்ப்ராக்சால் என்சைமைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக மடிய உதவுகிறது. லைசோசோமின் புளிப்புக்குள் போனதும் பிடியை விட்டுவிடுகிறது. பிடித்துக்கொண்டே இருந்தால் என்சைம் வேலை செய்ய முடியாது, ஆகவே இந்த விடுதல்தான் முக்கியம். சிறிய மூலக்கூறு என்பதால் மூளைக்குள்ளும் போகிறது. 2016-ல் ஜப்பானில் நரம்பு தாக்கிய கோஷே நோயாளிகள் ஐந்து பேருக்கு அதிக அளவில் கொடுத்து, வெட்டி இழுக்கும் அசைவுகள் குறைந்ததைப் பதிவு செய்தார்கள்.

பார்க்கின்சனுக்கு லண்டனில் அந்தோனி ஷாப்பிராவின் குழு செய்த சோதனை 2020-ல் வெளியானது. முழுதாக முடித்தவர்கள் 17 பேர். மருந்து மூளை நீரில் போய்ச் சேர்ந்ததா, பாதுகாப்பானதா என்பதுதான் அங்கே கேள்வி. ஆம் என்பது பதில். அசைவில் முன்னேற்றமும் தெரிந்தது, ஆனால் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்ட குழு இல்லை. பார்க்கின்சனில் வெற்று மாத்திரைக்கே நல்ல முன்னேற்றம் தெரியும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்புறம் 2025-ல் கனடாவின் லண்டன் நகரில் (ஆம், அங்கேயும் ஒரு லண்டன்) பார்க்கின்சனோடு மறதிநோயும் வந்த 55 பேரிடம் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததன் முடிவு வந்தது. பொதுவாக நினைவாற்றலில் வித்தியாசம் இல்லை. மரபணுப் பிழை உள்ள சிலரிடம் மட்டும் ஏதோ நன்மை தெரிந்தது. பிரிட்டனில் ஏறக்குறைய 330 பேரோடு, வெற்று மாத்திரை ஒப்பீட்டோடு, இரண்டு வருடச் சோதனை நடக்கிறது. அதன் முடிவு வரும்வரை 'குணமாக்கும்' என்ற சொல்லை யாரும் அச்சில் போடக் கூடாது என்பது என் கருத்து. 'மெதுவாக்குமா என்று பார்க்கிறார்கள்' என்று போடலாம். தலைப்பு நீளம்தான், ஆனால் உண்மை.

இந்த என்சைம்களின் சங்கதி ஒரு கோஷேயோடு முடிவதில்லை. புரோகிரானுலின் என்று ஒரு புரதம் லைசோசோமுக்கு வேண்டும். அதன் மரபணுவில் ஒரு பிரதி பழுதானால் ஐம்பது, அறுபது வயதில் குணமே மாறிப்போகும் ஒருவகை மறதிநோய் வரலாம் என்று 2006-ல் கண்டார்கள். இரண்டு பிரதியும் பழுதானால் சிஎல்என்2-ன் இனத்தைச் சேர்ந்த நோய் இளவயதிலேயே வரும் என்று 2012-ல் தெரிந்தது. அல்சைமரிலும் நியூயார்க்கின் ரால்ஃப் நிக்சன் குழு எலிகளிடம் பார்த்தது என்னவென்றால், செல்லுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதப் படிவம் தெரிவதற்கு முன்பே நரம்பு செல்லின் லைசோசோம்களில் புளிப்பு குறைந்துவிடுகிறது. ஆக, குழந்தை மருத்துவப் பிரிவில் அபூர்வ நோய் என்று ஒதுக்கியதும், முதியோர் பிரிவில் வயசானால் வருவது என்று விட்டுவிட்டதும் பல இடங்களில் செல்லுக்குள் இருக்கும் அதே லைசோசோமின் கோளாறாக இருக்கிறது.

உங்கள் வாசகர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறக்குறைய 28 சதவீதம் பேர் ரத்த உறவில் மணந்தவர்கள். முன்னோர் ஒருவரிடம் இருந்த ஒரே ஒரு பழுதான பிரதி, இரண்டு கிளை வழியாக இறங்கி வந்து ஒரு குழந்தையிடம் மறுபடி சந்திக்க இந்த முறை வழிவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். கணவன் மனைவி இரண்டு பேருமே ஒரு பழுதான பிரதி சுமப்பவர்களானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் உபதேசம் எனக்குப் பிடிக்காது. அக்காவிடம் யாராவது அப்படிப் பேசினால் நானே சண்டைக்குப் போவேன். பெரும்பாலான சொந்தக் கல்யாணங்களில் பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். ஆனால் நோய் தெரிந்த வீட்டில் தெரியாத மாதிரி இருப்பது வேறு.

நியூயார்க்கின் தீவிர வைதீக யூதர்களிடம் டே-சாக்ஸ் என்ற லைசோசோம் நோய் அதிகமாக இருந்தது. மூளையை அழித்து நான்கைந்து வயதுக்குள் கொல்லும். அவர்களும் பெரியவர்கள் பார்த்து வைக்கும் திருமணம் செய்கிறவர்கள்தான். அந்த நோய்க்குத் தன் குழந்தைகள் நான்கு பேரைப் பறிகொடுத்த ஜோசப் எக்ஸ்டீன் என்ற ரபி (யூத மதகுரு) 1983-ல் டோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்களுக்குப் பெயரில்லாமல் ஓர் எண் மட்டும் கொடுத்து ரத்தம் சோதிப்பார்கள். வரன் பேசும்போது இரண்டு எண்ணையும் சொன்னால் பொருந்தும், பொருந்தாது என்று மட்டும் பதில் வரும். யாரிடம் பழுது என்று ஊருக்குத் தெரியாது. அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அவர்களிடம் சில பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, நம்மிடம் வீட்டுக்கு வீடு வேறு. ஆனால் ஒரு குழந்தைக்கு நோய் உறுதியான வீட்டில், பிழை இன்னதென்று தெரிந்துவிடுகிறது. அந்த வீட்டின் சித்தப்பா, அத்தை பிள்ளைகளைச் சோதிப்பது சுலபம், செலவும் குறைவு. எங்கள் வீட்டில் அடுத்த தலைமுறையில் இருவர் சோதித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பெண் பார்க்கும் இடத்தில் பேச்சு வருமே என்று பயந்து மறுத்துவிட்டார்கள். வற்புறுத்த முடியவில்லை.

அரசு விஷயம் ஒன்று. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. 2022-லிருந்து ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி. பெரிய தொகைதான். ஆனால் பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கே இத்தகைய சில நோய்களுக்கு வருடச் செலவு பத்து லட்சம் முதல் ஒரு கோடிக்கு மேல் ஆகும் என்று அந்தக் கொள்கை ஆவணமே சொல்கிறது. எடை கூடக் கூட மருந்தும் கூடும். ஆயுள் முழுக்கத் தேவைப்படும் மருந்துக்கு ஒருமுறை உச்சவரம்பு வைத்தால் பணம் தீர்ந்த பிறகு என்ன செய்வது? இதைப் பற்றி உங்கள் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதலாம்.

என் கோரிக்கை இரண்டு. அந்தப் பெட்டிச் செய்திக்கு அதே பக்கத்தில், அதே அளவில், கடைச் சரக்கான இருமல் சிரப்பைப் பார்க்கின்சனுக்குக் குடிக்கக் கூடாது என்று ஒரு விளக்கம் போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம்.

இரண்டாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் மரபியல் மருத்துவர் ஒருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேள்வி பதில் போடுங்கள். கேட்க வேண்டியதை நானே எழுதித் தருகிறேன். உட்கார்ந்த குழந்தை மறுபடி உட்கார மறந்தால், பேசிய குழந்தை பேச்சை விட்டால் எத்தனை நாள் பொறுக்கலாம், யாரிடம் போக வேண்டும்? வயிறு உப்பிய குழந்தைக்கு மண்ணீரலை எடுப்பதற்கு முன் என்சைம் சோதனை செய்தாகிவிட்டதா என்று பெற்றோர் எப்படிக் கேட்பது? ஐம்பது வயதுக்குள் நடுக்கம் வந்தவர்கள் மரபணுச் சோதனை கேட்கலாமா, அதற்கு என்ன செலவு, தமிழ்நாட்டில் எந்த அரசு மருத்துவமனையில் செய்கிறார்கள்? சோதனை முடிவை வரன் வீட்டாரிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.